மாலத்தீவில் ரிசார்ட் கட்டும்போது பொருளைக் கொண்டு சேர்ப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் சென்னையில் அடுக்குமாடிக் கட்டுமானங்களில் பர்சேஸ் பார்த்தவர். இப்போது மாலத்தீவில் புதிதாகக் கட்டும் ஒரு ரிசார்ட்டில் கொள்முதல் பொறுப்பு கிடைத்திருக்கிறது. "கம்பி, சிமெண்ட், டைல்ஸ் எல்லாம் வாங்கிப் பழக்கம் இருக்கிறது. ஹோட்டல் என்றால், அதுவும் தீவு என்றால், என்ன மாறும்? எதில் முதலில் கவனம் வைக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் கட்டுமானப் பொருள் அனுப்பும் வேலையிலும், அந்தப் பக்கத் தளங்களில் அதை இறக்கி வாங்கும் வேலையிலும் இருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். தீவு வேலை என்றதும் எல்லோரும் கப்பலை நினைத்துத்தான் பயப்படுவார்கள். கப்பல் தாமதமாகும், அது உண்மைதான். ஆனால் ஹோட்டல் திறப்பு தள்ளிப்போன தளங்களில் காரணத்தைத் தேடிக்கொண்டே போனால், பெரும்பாலும் ஏதோ ஒரு மாதிரிக்கு, ஏதோ ஒரு வரைபடத்துக்குக் கையெழுத்து விழாமல் கிடந்த வாரங்களில்தான் போய் நிற்கும். கப்பலில் போன நாலு நாளை எல்லோரும் பார்ப்பார்கள். மேசையில் கிடந்த ஆறு வாரத்தை யாரும் கணக்கில் எழுத மாட்டார்கள். நீங்கள் அதை எழுத ஆரம்பித்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. இது ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். அதற்கு முன்னால் அந்த இடத்தின் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகள். ஆறு கிடையாது, மலை கிடையாது, பாறை கிடையாது. 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து அங்கே "ஒரு தீவு, ஒரு ரிசார்ட்" என்பதுதான் வழக்கம். இன்றைக்கு 170-க்கும் மேற்பட்ட ரிசார்ட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கான மின்சாரம், குடிநீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ளும் ஒரு குட்டி ஊர். ஒரு காலத்தில் அங்கே கட்டடத்துக்குப் பவளக்கல்லைத்தான் வெட்டினார்கள். மாலேயில் 1658-இல் கட்டிய ஹுகுரு மிஸ்கி பள்ளிவாசலின் சுவர்கள் பவளக்கல். பவளத் திட்டுகளை வெட்டினால் அலையைத் தடுக்க ஆள் இல்லை என்று புரிந்த பிறகு அதற்குக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. ஆக, ஜல்லியும் மணலும் சிமெண்டும் கம்பியும் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

எவ்வளவு வரவேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குத் தோராயமாக 350 கிலோ சிமெண்ட், அதாவது 7 மூட்டை. மணல் 700 கிலோ. ஜல்லி 1,100 முதல் 1,200 கிலோ. தண்ணீர் 170, 180 லிட்டர். மொத்தத்தில் ஏறத்தாழ 2.4 டன். ஒரு வில்லாவுக்கு 60 கன மீட்டர் என்று வைத்தால் 144 டன் ஆகிவிடும். இப்படி 80 வில்லா என்றால் 11,500 டன்னுக்கு மேல். இதில் படகுத்துறை, பணியாளர் குடியிருப்பு, மின்நிலையம் எதுவும் சேரவில்லை. அந்தத் தண்ணீரையும் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் எடுக்க வேண்டும். சென்னையில் ஒரு போன் போட்டால் மறுநாள் காலையில் டிப்பர் வந்து நிற்கும் என்ற பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும்.

மணலையும் ஜல்லியையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே நம் ஊர் நேரடியாகச் சம்பந்தப்படுகிறது. இந்தியாவிலிருந்து மணல் ஏற்றுமதிக்குப் பொதுவாகத் தடை இருக்கிறது. மாலத்தீவுக்கு மட்டும், 1981-ஆம் ஆண்டு இருநாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் அடிப்படையில், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஒரு ஒதுக்கீடு உண்டு. 2024-25-க்கு ஆற்றுமணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஒதுக்கீட்டைவிட இது 25 சதவீதம் அதிகம். குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாகத்தான் அனுப்பலாம், அவற்றில் தூத்துக்குடியும் ஒன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அள்ளியதாக இருக்கக்கூடாது, உரிய அனுமதிச் சீட்டுகள் இருக்க வேண்டும், கேபெக்ஸில் என்ற ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பின் சான்று வேண்டும். இதில் ஒரு தாள் குறைந்தாலும் சரக்கு துறைமுக யார்டிலேயே நிற்கும்.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, மணல் ஜல்லி சப்ளையர் விலை சொல்லும்போதே அவர் கையில் ஒதுக்கீடு இருக்கிறதா, எந்த நிதியாண்டுக்கு இருக்கிறது என்று கேளுங்கள். மார்ச் கடைசியில் ஆர்டர் போட்டுவிட்டு ஏப்ரலில் புது அறிவிப்புக்குக் காத்திருப்பது வீண். இரண்டு, மணல் பார்ஜ் என்ற தட்டைச் சரக்குப் படகில் திறந்தபடி போனால் வழியெல்லாம் உப்புத் தண்ணீர் தெறிக்கும். உப்பு ஏறிய மணல் கம்பியை உள்ளிருந்தே அரிக்கும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரக்குறிப்பின்படி கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு மொத்தக் குளோரைடு 0.6 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. அந்த அளவு மணல், தண்ணீர், ரசாயனக் கலவை எல்லாம் சேர்த்து. அதனால் ஏற்றும் இடத்தில் ஒரு சோதனை, இறக்கிய பிறகு ஒரு சோதனை என்று இரண்டையும் பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். ஒரு டன் கொள்ளும் ஜம்போ பைகளில் கட்டி அனுப்புவதற்குச் செலவு கூடுதல்தான். ஆனாலும் தீவில் இறக்க, எண்ண, மூடி வைக்க அதுதான் வசதி. கொட்டி அனுப்பிய ஜல்லியில் கடற்கரையோடு கலந்து போவது எவ்வளவு என்று நேரில் பார்த்தால் அந்தக் கூடுதல் செலவு உறுத்தாது.

சரி, அடுத்தது காலம். தூத்துக்குடியிலிருந்து மாலே ஏறத்தாழ 400 கடல் மைல். இழுவைப் படகோடு போகும் பார்ஜுக்கு நல்ல வானிலையில் மூன்று நான்கு நாள். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். தோணிகள் அந்தக் காலத்தில் ஓடுவதில்லை. பார்ஜ் ஓடினாலும் தீவின் பவளத்திட்டுக்குள் நுழையும் வாயில் சிக்கல் வரும், காப்பீட்டுக்காரரும் முகம் சுளிப்பார். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கடல் அமைதி. ஆகவே கனச்சரக்கு, அதாவது மணல், ஜல்லி, சிமெண்ட், கம்பி, அடித்தளத்துக்கு ஊன்றும் பைல் தூண், ஹாலோ பிளாக், இவை எல்லாவற்றையும் அந்த மாதங்களில்தான் தள்ள வேண்டும்.

ஆனால் அதே டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் ஹோட்டலுக்கும் சீசன். ஐரோப்பாவில் குளிர் தாங்காமல் ஆட்கள் வருவது அப்போதுதான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தின் அறை வாடகைதான் வருடத்திலேயே அதிகம். முதலாளி எவரும் டிசம்பர் தொடக்கத்தில் திறக்க வேண்டும் என்றுதான் சொல்வார். அப்படியானால் முடிப்பு வேலை முழுக்கப் பருவக்காற்று மாதங்களில் நடக்கும். அதற்கான கனச்சரக்கு முந்தின அமைதிக் காலத்திலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டும். பருவக்காற்று நேரத்தில் கன்டெய்னர் கப்பல் ஓடும், ஆகவே கன்டெய்னரில் வரும் முடிப்புப் பொருள்களை அப்போது வைத்துக்கொள்ளலாம். கடலின் காலண்டரும் ஹோட்டலின் காலண்டரும் இப்படி ஒன்றோடொன்று மோதுவதை முதல் நாளே ஒரு தாளில் வரைந்து முதலாளியிடம் காட்டுங்கள். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் போவது இரண்டு மாதம் இல்லை, ஒரு முழு சீசன் என்பது அவருக்கு அந்தத் தாளில்தான் உறைக்கும்.

இனி அந்தக் கையெழுத்து விஷயம். அடுக்குமாடியில் கட்டடம் முடிந்தால் சாவி கொடுத்துவிடலாம். ஹோட்டலில் கட்டடம் முடிந்த பிறகுதான் இன்னொரு பெரிய கொள்முதல் உயிர் பெறும். கட்டில், சோபா, மேசை, விளக்கு, திரைச்சீலை, தரைவிரிப்பு இவற்றை எஃப்.எஃப். அண்ட் இ. என்பார்கள். தட்டு, டம்ளர், படுக்கை விரிப்பு, துண்டு, ஹேங்கர், சீருடை, சமையல் பாத்திரம் இவை ஓ.எஸ். அண்ட் இ. இந்த இரண்டுக்கும் கட்டுமான கான்ட்ராக்டர் பொறுப்பல்ல, பெரும்பாலும் முதலாளி பக்கக் கொள்முதல்தான். அதாவது நீங்கள்.

டிசம்பர் 1 திறப்பு என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுவோம். ஹோட்டலை நடத்தப்போகும் நிறுவனம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்னால் அறைகளைக் கேட்கும். ஊழியருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், படுக்கை விரித்துப் பார்க்க வேண்டும், குழாய் குழாயாகத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு முன் மரச்சாமான்களைப் பொருத்தி, கீறல் பார்த்துச் சரிசெய்ய ஒரு மாதம். ஆக செப்டம்பர் தொடக்கத்தில் சாமான் தீவில் இருக்க வேண்டும். கப்பல், சுங்கம், தீவுக்கு மாற்றுவது எல்லாம் சேர்த்து ஆறு வாரம். எனவே ஜூலை நடுவில் தொழிற்சாலையை விட்டுக் கிளம்ப வேண்டும். தயாரிப்புக்கு 12 வாரம் என்றால் ஏப்ரல் நடுவில் இறுதி ஆர்டர். ஷாப் டிராயிங் என்ற தயாரிப்பாளரின் விவர வரைபடம், துணி மாதிரி, மர வார்னிஷ் மாதிரி, எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வாங்க எட்டு வாரம். பிப்ரவரி நடுவுக்கு வந்துவிட்டோம். இந்த ஒப்புதல் எதன் அடிப்படையில்? மாக்-அப் ரூம் என்று ஒரு மாதிரி அறையை முழுசாகக் கட்டி, சாமான் போட்டு, எல்லோரும் நடந்து பார்த்துச் சொல்லும் திருத்தங்களின் அடிப்படையில். அது ஜனவரிக்குள் தயாராக இருக்க வேண்டும் என்றால் அதற்கான சாமானை முந்தின அக்டோபரிலேயே ஆர்டர் செய்திருக்க வேண்டும். திறப்புக்கு 14 மாதம் முன்னால்!

இடையில் சீனப் புத்தாண்டு வருகிறது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ ஃபோஷான் பக்கத்துத் தொழிற்சாலைகள் பல வாரம் பூட்டிக் கிடக்கும். இந்தோனேசியாவில் ஜெப்பாராவில் மரவேலை கொடுத்திருந்தால் ரமலானும் பெருநாள் விடுமுறையும் கணக்கில் வர வேண்டும். மாலத்தீவிலும் ரமலான் மாதம் அலுவலக நேரம் குறையும், சுங்க வேலை மெதுவாகும், வாரவிடுமுறையும் அங்கே வெள்ளி, சனி. ஜோத்பூர் மரச்சாமான் என்றால் தீபாவளி. நாட்காட்டி முழுக்க இப்படி ஓட்டைகள் இருக்கும்.

ஒரு சின்னப் பொருளை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். ஷவர் மிக்ஸர். சுவரில் வெளியே தெரியும் கைப்பிடியும் தட்டும் கடைசி மாதத்தில் பொருத்துவது. ஆனால் அதன் உடல் சுவருக்குள்ளே புதைய வேண்டும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், பல மாதங்களுக்கு முன்னால். ஒரு கம்பெனியின் உடலில் இன்னொரு கம்பெனியின் கைப்பிடி உட்காராது. இப்போது இன்டீரியர் டிசைனர் ஓர் இத்தாலிய மாடலைக் குறித்திருக்கிறார். முதலாளியின் கணக்காளர் விலையைப் பார்த்து மாற்று கேட்கிறார். ஹோட்டலை நடத்தும் நிறுவனம் தண்ணீர் வரத்து நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் இருக்க வேண்டும் என்கிறது. பிளம்பிங் கன்சல்டன்ட் அழுத்தம் போதுமா என்று பார்க்க வேண்டும். நாலு பேரும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் தளத்தில் குளியலறைச் சுவர் எழும்பி நிற்கிறது. மேஸ்திரி டைல்ஸ் ஒட்ட முடியாது. டைல்ஸ் ஒட்டாமல் வாஷ்பேசின் மேடைக்கு அளவெடுக்க முடியாது. மேடை இல்லாமல் கண்ணாடி வெட்ட முடியாது. ஒரு கையகலப் பித்தளை உருளைக்காக 80 குளியலறை நிற்கும். இதில் கப்பலுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதற்கு நான் பார்த்த வரையில் பலன் தருகிற வழி ஒன்றுதான். ஒப்புதல் பதிவேடு ஒன்று வைத்து, அதை வாரக் கூட்டத்தின் முதல் வேலையாக ஆக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. தளத்தில் தேவைப்படும் தேதி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிய கடைசிக் கையெழுத்துத் தேதி, இப்போது யார் மேசையில் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது. கடைசி இரண்டு கட்டங்கள்தான் உயிர். "டிசைனரிடம் இருக்கிறது" என்று பொதுவாக எழுதாமல் பொறுப்பில் இருப்பவரின் பெயரைப் போடுங்கள். கோபத்தோடு செய்ய வேண்டாம், மரியாதையாகச் செய்யலாம். பெரிய ஆட்கள் இருக்கும் கூட்டத்தில் பெயருக்கு எதிரே 31 நாள் என்று திரையில் தெரிந்தால் மறுநாள் பதில் வந்துவிடும். சுவருக்குள், தரைக்குள், கூரைக்குள் புதையும் எல்லாவற்றுக்கும் தனி நிறம் கொடுங்கள். மறைந்த மிக்ஸர் உடல், தரை வடிகால், ஏ.சி. டிரெயின் குழாய், மின்பெட்டி, திரைச்சீலைத் தண்டவாளத்துக்கான தாங்கு, தொலைக்காட்சி மாட்டும் பலகை. இவையெல்லாம் விலையில் சின்னவை, தேதியில் பெரியவை.

நீண்ட காலம் எடுக்கும் இயந்திரங்களைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே பிடியுங்கள். ஜெனரேட்டர், கடல்நீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. ஆலை, கழிவுநீர் ஆலை, சில்லர், சலவைக்கூட இயந்திரம், சமையலறைச் சாதனம், குளிர்பதன அறை. இதில் ஜெனரேட்டருக்கும் ஆர்.ஓ.வுக்கும் இன்னொரு முக்கியத்துவம். நிரந்தர ஆலையைச் சீக்கிரம் கொண்டுவந்து ஓடவிட்டால் கான்கிரீட் தண்ணீரும் தொழிலாளர் குடிநீரும் அதிலேயே கிடைக்கும். அப்புறம், மரத்தரையும் கதவும் அலமாரியும் ஏ.சி. ஓடாத அறையில் வைத்தால் ஈரத்தில் ஊதும். பின்னால் ஏ.சி. போட்டதும் சுருங்கி இடைவெளி விடும். ஆகவே ஏ.சி. ஓட வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், அதற்கு ஜெனரேட்டர் முழுசாகச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், டீசல் தொட்டி தயாராக இருக்க வேண்டும். மரத்தரைக்காரருக்கு அனுப்பும் தேதியைச் சொல்லும் முன் டீசல் தொட்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

உலோகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடலோரத்தில் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சீக்கிரமே துருப்பொட்டு போடும். 316-இல் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருப்பதால் அது தாங்கும். படகுத்துறைக் கைப்பிடி, வெளிக்கதவுக் கீல், தண்ணீர்மேல் வில்லாவின் போல்ட் நட்டு, இவற்றில் 316 என்று எழுதி, தொழிற்சாலைச் சோதனைச் சான்றும் கேளுங்கள். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இப்போது பொருள் தீவில் வந்து இறங்கும் இடத்துக்கு வருவோம். பெரிய கப்பல் உங்கள் தீவுக்கு வராது. கன்டெய்னர் கொழும்பு வழியாகவோ நேராகவோ மாலேக்கு வரும். அங்கே சுங்கம் முடித்து, கரையிலேயே முட்டி இறக்கும் லேண்டிங் கிராஃப்டிலோ தோனி படகிலோ ஏற்றி உங்கள் தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். பல தீவுகளில் கிரேன் கிடையாது. ஓதம் ஏறும் நேரம் பார்த்துத்தான் லேண்டிங் கிராஃப்ட் கரையில் முட்ட முடியும். ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டர்தான் என்றாலும் ஆழமில்லாத அந்தக் களப்பில் அந்த ஒரு மீட்டர்தான் எல்லாம். அதாவது தொழிற்சாலையிலிருந்து அறைக்குப் போவதற்குள் ஒரு பெட்டியை எத்தனையோ முறை தூக்கி வைப்பார்கள். கடைசித் தூக்கல் மனிதக் கையால், மணலில் நடந்து. ஆகவே பெட்டி எடையை நாலு பேர் தூக்கும் அளவில் வையுங்கள். சப்ளையரிடம் இதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். 300 கிலோ மார்பிள் மேடையை ஒரே கல்லாகக் குறித்த டிசைனரிடம் அதை இரண்டாக்கச் சொல்லிக் கேட்பதும் உங்கள் வேலைதான். அதைக் கேட்க வேண்டிய நேரம் வரைபடம் வரும்போது.

பேக்கிங் லிஸ்ட் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தொழிற்சாலைக்கு எது எளிதோ அப்படித்தான் அடைப்பார்கள். கதவுகள் எல்லாம் ஒரு கன்டெய்னர், கீல்கள் எல்லாம் இன்னொரு கன்டெய்னரின் மூலையில், பூட்டுகள் விமானத்தில். தீவில் 40 கதவு வந்து சுவரில் சாய்ந்து நிற்கும், ஒன்றைக்கூட மாட்ட முடியாது. இதற்குப் பதிலாக அறைவாரியாகக் கட்டச் சொல்லுங்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் "வில்லா 14, குளியலறை" என்று இருக்க வேண்டும். தொழிலாளர்களில் பெரும்பாலோர் வங்கதேசத்துக்காரர்களும் நம் ஊர்க்காரர்களும். எண்ணும் நிறமும் இருந்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டாம். அறைவாரிக் கட்டுக்குச் சப்ளையர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், கொடுத்துவிடுங்கள். மரப்பெட்டி, மரப் பாலட்டில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மரத்தைப் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதற்கான அடையாளம் அது, பெரும்பாலும் நடுப்பகுதியை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி. முத்திரை இல்லாமல் வந்தால் பூச்சி பயத்தில் நிறுத்திவிட வாய்ப்பு உண்டு.

கன்டெய்னரை நிரப்புவதிலும் கணக்கு உண்டு. 20 அடிக் கன்டெய்னரில் டைல்ஸ் ஏற்றினால் பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை முடிந்துவிடும். 40 அடி உயரக் கன்டெய்னரில், அதாவது ஏறத்தாழ 76 கன மீட்டரில், சோபா ஏற்றினால் இடம் முடியும், எடை சும்மா இருக்கும். இரண்டையும் கலந்தால் கப்பல் கூலி மிச்சம் என்று ஒரு யோசனை வரும். மோர்பி டைல்ஸையும் ஜோத்பூர் நாற்காலியையும் முந்த்ரா துறைமுகத்தில் கலப்பது காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். என் கருத்து, கட்டுமானக் கட்டத்துப் பொருளையும் அறைச் சாமானையும் கலக்கவே கூடாது. இரண்டும் தீவுக்குத் தேவைப்படும் தேதிகளுக்கு நடுவே மாதக்கணக்கில் வித்தியாசம். மிச்சப்பட்ட கூலியை, வார்னிஷ் போட்ட நாற்காலி சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்து கெடுவதில் இழப்பீர்கள்.

இதனால்தான் சீக்கிரம் வருவதும் தாமதத்துக்குச் சமமான தொல்லை என்கிறேன். ரிசார்ட் தீவில் கட்டடப் பரப்பு மொத்த நிலத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அங்கத்திய விதி. மரங்களை இஷ்டத்துக்கு வெட்டவும் முடியாது. கிடங்குக்கு இடம் மிகக் குறைவு. உப்புக்காற்றில் ஏ.சி. காயில் பெட்டிக்குள்ளேயே வெள்ளை பூக்கும். ஜிப்சம் பலகை ஈரம் குடிக்கும். சிமெண்ட் மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் மறுபடி சோதிக்காமல் பயன்படுத்தக்கூடாது. என்ன செய்யலாம் என்றால், தூத்துக்குடியில் ஒரு நல்ல கிடங்கு வாடகைக்கு எடுத்து அங்கே சேர்த்து வையுங்கள். இந்தியாவின் பல ஊர்களிலிருந்து வரும் சரக்கு அங்கே கூடட்டும், பெட்டியைத் திறந்து பாருங்கள், குறை இருந்தால் அங்கிருந்தே திருப்பி அனுப்புங்கள். தளம் கேட்கும் வரிசையில் மட்டும் தீவுக்கு விடுங்கள். ஓர் உடைந்த வாஷ்பேசினைத் தூத்துக்குடியில் கண்டுபிடித்தால் லாரிச் செலவோடு போகும். தீவில் கண்டுபிடித்தால் சுங்கம், கப்பல், படகு என்று பேசினின் விலையைத் தாண்டிவிடும். சீனா, இந்தோனேசியாச் சரக்குக்கு இது பொருந்தாது. அதற்கு அந்தந்தத் துறைமுகத்திலேயே ஒருங்கு சேர்க்கும் ஏஜென்டை வையுங்கள். எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பருவக்காற்றுக்கு முன் வர வேண்டிய கனச்சரக்கு மட்டும் இந்த விதிக்கு விலக்கு, அதற்குத் தீவிலேயே இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

கன்டெய்னரைத் தீவுக்கே கொண்டுபோனால் காலிப் பெட்டி திரும்ப மாலேக்கு வரும் வரை நாள் ஓடும். இலவச நாள் முடிந்தால் டிடென்ஷன், அதாவது பெட்டியைத் தாமதமாகத் திருப்புவதற்கான கட்டணம். கப்பல் கம்பெனியோடு ஒப்பந்தம் பேசும்போதே கூடுதல் இலவச நாளைக் கேட்டு வாங்குங்கள். சரக்கு ஏறிய பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். திரும்பும் லேண்டிங் கிராஃப்டில் கட்டுமானக் குப்பையையும் பேக்கிங் கழிவையும் ஏற்றி அனுப்பத் திட்டம் வையுங்கள், தீவில் எரிக்கவோ புதைக்கவோ நினைக்காதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான தொழிற்சாலைகள் 30 சதவீதம் முன்பணம், மீதி கப்பலேற்றும் முன் என்று கேட்கும். மீதியைக் கொடுத்த கணத்தில் உங்கள் பிடி போய்விடும். அதனால் மீதிப் பணத்துக்கு முன் தொழிற்சாலையிலேயே ஆய்வு என்பதை விடாதீர்கள். நீங்கள் போக முடியாவிட்டால் மூன்றாம் தரப்பு ஆய்வாளர் போகட்டும். மாக்-அப் அறையில் ஒப்புதலான துணித்துண்டு, மரத்துண்டு இவற்றில் கையெழுத்துப் போட்டு ஒன்றைத் தொழிற்சாலையிலும் ஒன்றைத் தளத்திலும் வையுங்கள். நிறம் சரியில்லை என்ற சண்டை வந்தால் அந்தத் துண்டுதான் சாட்சி.

உலகத்தில் எங்கோ நடப்பது உங்கள் தீவையும் தொடும். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கியதும், 2023 கடைசியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதும் ஐரோப்பியச் சரக்கை நேரடியாகப் பாதித்தன. அதற்காக இத்தாலியிலிருந்து எதையும் வாங்காதே என்று டிசைனரிடம் சண்டை போட வேண்டியதில்லை. ஐரோப்பாவிலிருந்து வருவதில் புதையும் பொருள் எது, கடைசியில் மாட்டும் பொருள் எது என்று பிரியுங்கள். புதையும் பொருளுக்கு மட்டும் பக்கத்து நாட்டில் மாற்று ஒன்றை முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வையுங்கள். விளக்கின் கூடு இரண்டு வாரம் தாமதமானால் ஹோட்டல் நிற்காது.

கடைசியாக உபரி. நகரத்தில் 5 சதவீதம் கூடுதல் டைல்ஸ் வாங்குவோம். இங்கே உடைப்பும் தூரமும் சேர்த்து 10 சதவீதம் வையுங்கள், எல்லாம் ஒரே பேட்ச் எண்ணாக இருக்கட்டும். கண்ணாடியில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பலகை உபரி. ஒரே ஒரு சறுக்குக்கதவுக் கண்ணாடி உடைந்து, அதற்கு மறுபடி ஆர்டர் போட்டு எட்டு வாரம் ஒரு வில்லாவை விற்க முடியாமல் வைத்திருப்பதைவிட இது மலிவு. வேலை முடிந்ததும் மிச்சமான டைல்ஸ், பெயிண்ட், துணி, மிக்ஸர் உதிரி எல்லாவற்றையும் பேட்ச் எண்ணோடும் சப்ளையர் விவரத்தோடும் ஒரு பட்டியல் போட்டு, ஹோட்டலின் பராமரிப்புத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். மூன்று வருடம் கழித்து ஒரு குளியலறையில் நாலு டைல்ஸ் மாற்ற வேண்டி வரும்போது அவர் முதலில் தேடப்போவது அந்தப் பட்டியலைத்தான்.